கண்ணீருக்கு மேடை, கருத்துக்கு வாசற்படி

மயூர் விஹார் முதல் கட்டத்திலிருந்து ஜசோலாவுக்கு மெட்ரோவில் செல்லும் வழிகளுள் ஒன்று, தில்லியை விட்டு வெளியேறித் தில்லிக்குத் திரும்புவது. நீல வழித்தடம் புது அசோக் நகரைத் தாண்டியதும் உத்தரப் பிரதேசம் தொடங்கிவிடுகிறது. நொய்டாவின் பொட்டானிக்கல் கார்டன் நிலையத்தில் இறங்கி, மெஜந்தா வழித்தடத்துக்கு மாறி, யமுனையைக் கடந்து, காளிந்தி குஞ்ச் வழியாக மீண்டும் தலைநகருக்குள் நுழைய வேண்டும். ஜசோலாவில் மதியிறுக்கத்துக்கான தேசிய மையம் இருக்கிறது. இரைச்சலைத் தாங்க இயலாத ஒரு குழந்தையை இந்த வழியில் அழைத்துச் செல்லும் தாய்க்கு எந்தப் பெட்டியில் நெரிசல் குறைவு, எந்த நிலையத்தில் மின்தூக்கி தொலைவில் இருக்கிறது, கதவு மூடும் எச்சரிக்கை ஒலிக்கு முன் எந்த நொடியில் குழந்தையின் காதைப் பொத்த வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அவர் சேர்த்து வைத்திருப்பது நகரமைப்பு, போக்குவரத்து, புலனுணர்வு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் விளைந்த அறிவு. பல்கலைக்கழகத்தில் எவரேனும் இதை எழுதினால் முனைவர் பட்டம் கிடைக்கும். தாய் சொன்னால் அதற்கு ‘அனுபவப் பகிர்வு’ என்று பெயர்.

இந்தியாவில் மாற்றுத்திறன் குழந்தைகளையும் நரம்பியல் பன்மைக் குழந்தைகளையும் பற்றி நடக்கும் கொள்கை உரையாடலின் அடிப்படைக் கோளாறு இந்தப் பெயரிடலிலேயே தொடங்குகிறது. அனுபவம் என்ற சொல் இங்கே மரியாதை உடுத்திய அவமதிப்பு. ஏப்ரல் 2ஆம் நாள் உலக மதியிறுக்க விழிப்புணர்வு நாள். டிசம்பர் 3ஆம் நாள் சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாள். இவ்விரு நாள்களிலும் ஏதேனும் ஓர் அரங்கில் ஒரு தாய் மேடையேற்றப்படுகிறார். சில நிமிடங்கள் பேசுகிறார். அரங்கம் கண்கலங்குகிறது. தொகுப்பாளர் நன்றி சொல்கிறார். தாய் பார்வையாளர் வரிசைக்குத் திரும்பிய பிறகு வல்லுநர் அமர்வு தொடங்குகிறது. நிதி எவ்வளவு, சிறப்பாசிரியர் எத்தனை பேர், சான்றிதழ் விதி என்ன என்பவையெல்லாம் அந்த இரண்டாம் அமர்வில்தான் பேசப்படுகின்றன.

அரசுக்குத் தாயின் சொல்மீது நம்பிக்கை இல்லை என்று கூறிவிட முடியாது. இந்திய மதியிறுக்க மதிப்பீட்டு அளவுகோலைப் பாருங்கள். 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 40 முதல் 200 வரை. 70ஐத் தொட்டால் மதியிறுக்கம் எனக் கொள்ளப்படும். குழந்தையை நேரில் கவனிப்பதுடன் பெற்றோரிடம் கேட்டறிவதும் இந்த மதிப்பீட்டின் அடிப்படை. தாய் சொல்வது மதிப்பெண்ணாகிறது, மதிப்பெண் விழுக்காடாகிறது, விழுக்காடு தனித்துவ அடையாள அட்டையாகிறது. 40 விழுக்காடு என்ற வாசலைக் கடந்தால்தான் பெரும்பாலான உரிமைகள் கைக்கு வரும். ஆக, குழந்தை இரவில் எத்தனை முறை விழிக்கிறது என்று ஒரு தாய் மருத்துவ அறையில் சொன்னால் அது தரவு. அந்தக் குழந்தைக்கு ஏழரை மணிப் பள்ளி ஏன் ஒத்துவரவில்லை என்று அதே தாய் கொள்கை அரங்கில் சொன்னால் அது உணர்ச்சி. சொல்பவர் ஒருவரே, கேட்கும் அறைதான் மாறியிருக்கிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1943இல் லியோ கானர் மதியிறுக்கத்தை விவரித்த நாள்முதல் ஏறத்தாழ இரண்டு தலைமுறைகள் வல்லுநர் உலகம் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. தாயின் உள்ளக் குளிர்ச்சியே குழந்தையின் ஒதுக்கத்துக்குக் காரணம் என்ற கோட்பாட்டை 1967இல் வெளிவந்த நூலொன்றில் புரூனோ பெட்டல்ஹைம் உலகெங்கும் பரப்பினார். அதற்கு முன்பே, 1964இல், அதை அடிப்படையிலேயே தகர்த்தவர் பெர்னார்டு ரிம்லண்ட். அவர் உளவியலாளர், மதியிறுக்கம் உள்ள ஒரு மகனின் தந்தையும்கூட. பிரிட்டனில் மதியிறுக்கத்தை ஓர் அலைக்கற்றையாகக் காணும் பார்வையை உருவாக்கிய லோர்னா விங், மதியிறுக்கம் உள்ள மகளின் தாய். இன்று பாடநூல்களில் மேற்கோளாக நிற்கும் இப்பெயர்களுக்குப் பின்னால் இருந்த வீடுகளை ஆய்வுலகம் வசதியாக மறந்துவிட்டது.

இந்தியாவிலும் கதை வேறல்ல. மும்பையில் 1972இல் மித்து ஆலூர் மூளை முடக்குவாதம் கொண்ட குழந்தைகளுக்கான முதல் சிறப்புப் பள்ளியைத் தொடங்கியது தம் மகள் மாலினிக்குப் பள்ளி இல்லாததால். சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய அமைப்பு பின்னாளில் வித்யாசாகர் ஆனது. அவரும் ஒரு தாய். தில்லியில் 1991இல் மெரி பரூவா தொடங்கிய ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம் பெற்றோர் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கும் சிறு குழுவாகவே பிறந்தது. அக்காலத்து நாட்டின் சட்டநூல்களில் மதியிறுக்கம் என்ற சொல்லே கிடையாது. 1991இல் முன்வைக்கப்பட்ட தேசிய அறக்கட்டளை மசோதா அறிவுசார் குறைபாட்டையும் மூளை முடக்குவாதத்தையும் மட்டுமே பேசியது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைகளைப் பட்டியலிட்டது. மதியிறுக்கம் அவற்றுள் இல்லை. இல்லாத சொல்லை இருக்கும் சொல்லாக்க, பெற்றோர் அமைப்புகள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கின. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பெயரிலேயே மதியிறுக்கம் முதலிடம் பெற்றது. உரிமைகளைப் பேசும் பொதுச் சட்டத்தில் அச்சொல் நுழைய 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசு இன்று 21 வகைகள் என்று பெருமையுடன் எண்ணும்போது, அந்த எண்ணிக்கையில் ஒரு பங்கு இந்தப் பெற்றோர் தேய்த்த செருப்புகளின் கணக்கு.

நன்றியை எவரும் கேட்கவில்லை, நாற்காலியைத்தான் கேட்கிறார்கள். சட்டம் நாற்காலியை எங்கே போட்டிருக்கிறது, எங்கே எடுத்துவிட்டிருக்கிறது என்று பார்த்தால் ஒரு விந்தையான வரைபடம் கிடைக்கும். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி தேசிய அறக்கட்டளையின் வாரியத்தில் பதிவுபெற்ற அமைப்புகளிலிருந்து ஒன்பது பேர். அவர்களுள் மூவர் பெற்றோர் சங்கங்களிலிருந்து வர வேண்டும். முன்னோடியான ஏற்பாடு. ஆனால் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு மாவட்டந்தோறும் அமைக்கச் சொல்லும் உள்ளூர்க் குழுவில் மாவட்ட ஆட்சியர் தகுதிக்குக் குறையாத ஓர் அதிகாரி, பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவரே. பெற்றோருக்கென இடமில்லை. குழந்தை வளர்ந்து 18ஐத் தாண்டியபின் அவருக்குச் சட்டப்பாதுகாவலர் யார் என்று தீர்மானிக்கும் குழு இது! தலைநகரில் கொள்கை பேசும் அறையில் மூன்று நாற்காலி. வீட்டின் தலையெழுத்தை முடிவு செய்யும் அறையில் மனுதாரராக நிற்கும் இடம் மட்டும். 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் 60ஆம் பிரிவில் மத்திய ஆலோசனை வாரியத்தை அமைக்கிறது. வல்லுநர் ஐவருக்கு இடம் உண்டு. அமைப்புகளின் சார்பில், இயன்றவரை மாற்றுத்திறனாளிகளாகவே உள்ள பத்துப் பேருக்கு இடம் உண்டு; அது சரியானதே. வணிகச் சபைகளுக்குக்கூட மூன்று வரை உண்டு. நான்கு வயதுக் குழந்தையின் சார்பில் பேசக் கூடியவர் யார் என்ற கேள்வியை மட்டும் அப்பிரிவு கேட்கவில்லை.

பள்ளிக்கு வருவோம், அங்கேதான் வஞ்சனை மிக நுட்பமானது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிவுற்ற பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதாசாரப்படி இடம் தர வேண்டும். 2012இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் மாற்றுத்திறன் குழந்தையை அந்த நலிவுற்ற பிரிவின் வரையறைக்குள் சேர்த்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தால், அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் மாற்றுத்திறன் குழந்தையின் பெற்றோர் அமர்வது சலுகையல்ல, சட்டக் கட்டளை. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அக்குழுவின் வேலை. சரிவுப்பாதை எங்கே வேண்டும், அமைதி அறைக்கு எந்த அறையை ஒதுக்கலாம் என்பவை தீர்மானிக்கப்பட வேண்டிய இடம் அதுவே. இப்படியொரு கட்டளை இருப்பதைக் கல்வியியல் துறைகளில் எத்தனை பேர் பாடம் நடத்துகிறார்கள் என்று மாணவர்கள் தத்தம் வகுப்பறையில் எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்த முடிச்சு இன்னும் இறுக்கமானது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளை 21ஆம் பிரிவு தொடுவதில்லை. தில்லியில் தனியார் பள்ளிகளின் தொடக்க நிலைச் சேர்க்கையில் ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டில் 3 விழுக்காடு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு உரியது. கணினிக் குலுக்கல் மூலம் இடம் கிடைக்கிறது. மயூர் விஹாரில் வாழும் ஒரு குடும்பம் அந்தக் குலுக்கலில் வென்று தனியார் பள்ளிக்குள் குழந்தையை அனுப்பும் நாளில், அந்தப் பள்ளியின் நிர்வாகத்தில் 21ஆம் பிரிவின்படி வாய் திறக்கும் உரிமையை வாசலிலேயே விட்டுச் செல்கிறது. இருக்கை குழந்தைக்கு, மௌனம் பெற்றோருக்கு. அதே தெருவைக் கடந்து நொய்டா எல்லைக்குள் குடியிருந்தால் தில்லியின் குலுக்கலே இல்லை. ஒரு தெருவின் அகலத்தில் உரிமை மாறுகிறது என்பதை இவ்வட்டாரப் பெற்றோர் வீடு மாற்றும்போதெல்லாம் வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கணக்கிடுகின்றனர். கொள்கை ஆய்வாளர்கள் கூட்டாட்சி பற்றி எழுதும்போது இந்தக் கணக்கு எங்கும் தென்படுவதில்லை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பெற்றோரை நினைவுகூரவே செய்கிறது. அதன் 6.12ஆம் பத்தி, பெற்றோருக்கும் பராமரிப்பாளருக்கும் தொழில்நுட்பத்தின் துணையோடு வழிகாட்டுதல் அளிக்கப்படும், குழந்தைகளின் கற்றலுக்கு அவர்கள் துணை நிற்கும் வகையில் பாடப்பொருள்கள் பரப்பப்படும் என்கிறது. அதாவது, அரசு பேசும், பெற்றோர் கற்றுக்கொள்வர். எதிர்த்திசையில் ஒரு சொல் பயணிக்க அப்பத்தியில் பாதை இல்லை.

எதிர்த்திசையில் சொல் பயணிக்காவிட்டால் என்ன இழப்பு என்று கேட்பவர்களுக்கு வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவைவிடச் சிறந்த பாடம் கிடையாது. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்காகப் பெற்றோர் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் செலுத்தினால் வரிக்கழிவு உண்டு என்றது அப்பிரிவு. நிபந்தனை ஒன்று: அந்தத் திட்டத்திலிருந்து பிள்ளைக்குப் பணம் பெற்றோரின் மரணத்துக்குப் பின்னரே செல்ல வேண்டும். எல்.ஐ.சி.யின் ஜீவன் ஆதார் பாலிசி இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டது. சட்டத்தை வரைந்தவர்களின் மனத்தில் ஒரு படம் இருந்தது: பெற்றோர் உயிருடன் இருக்கும்வரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், இறந்தபின் பணம் பார்த்துக்கொள்ளும். வீட்டில் வாழ்பவர்களுக்குத் தெரிந்த படம் வேறு. தந்தை பணி ஓய்வு பெறும்போது மகளுக்கு முப்பது வயது. ஊதியம் நின்றுவிடும்; சிகிச்சைச் செலவு நிற்காது. எழுபது வயதுத் தந்தை கட்டி முடித்த பாலிசியின் பணத்தை மகள் தொட வேண்டுமானால் அவர் முதலில் சாக வேண்டும். இப்படியொரு தந்தை உச்ச நீதிமன்றம் சென்றார். 2019 ஜனவரியில் மனு தள்ளுபடியானது. சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றது நீதிமன்றம். ஆனால் இக்குடும்பங்களின் இடர்ப்பாட்டை மத்திய அரசு மறுபடியும் கருதிப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. 2022ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் பிரிவைத் திருத்தியது. பெற்றோர் 60 வயதை எட்டித் தவணை செலுத்துவதை நிறுத்தியபின், அவர்கள் வாழும்போதே பிள்ளைக்குப் பணம் செல்லலாம்.

இந்தத் திருத்தத்துக்குப் பெரிய பொருளியல் ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. பிரிவை முதலில் வரைந்த மேசையில் ஒரே ஒரு பெற்றோர் அமர்ந்திருந்தால், “நான் சாகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?” என்று முதல் நாளே கேட்டிருப்பார். அந்தக் கேள்வி நீதிமன்றம் வழியாக நாடாளுமன்றத்தை அடைவதற்குள் ஒரு தலைமுறைப் பெற்றோர் மூப்படைந்துவிட்டனர். சிலர் நிபந்தனையை நிறைவேற்றியும்விட்டனர்.

கேட்டால் மாறும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. மாற்றுத்திறன் குழந்தையைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியரை வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கலாம் என்ற ஆணை 2014இல் வந்தது. மாற்றுத்திறன் குழந்தையின் தாய்க்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பை மறுப்பது அரசமைப்பின் கடமைக்கு முரண் என்ற நிலைப்பாட்டை 2024 ஏப்ரலில் இமாசலப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் எடுத்தது. ஆனால் இவை அரசுப் பணியில் இருப்பவர்களின் வெற்றிகள். இங்கேதான் ‘குடும்பங்களின் குரல்’ என்ற தொடரையே சற்று உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

யாருடைய குடும்பம்? மயூர் விஹாரின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில் பேராசிரியர்களும் பத்திரிகையாளர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வாழ்கின்றனர். அவர்களுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரியும். அமைச்சகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்றும் தெரியும். சற்றுத் தள்ளித் திரிலோக்புரி. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களைக் கொண்டு உருவான மறுகுடியமர்வுப் பகுதி. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களும் அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்கிருந்து காலையில் கிளம்பி மயூர் விஹாரின் வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கும் மதியிறுக்கம் உள்ள குழந்தை இருக்கலாம். அவர் வேலை செய்யும் வீட்டின் அம்மையார் பெற்றோர் குழுவொன்றின் நிர்வாகியாகவும் இருக்கலாம். முன்னவர் விடுப்பெடுத்தால் அன்றைய கூலி போகும். பின்னவர் கலந்தாய்வுக் கூட்டத்துக்குச் சென்று ‘தாய்மார்களின் சார்பில்’ பேசிவிட்டு வருவார். இருவரும் தாய்மார்கள்தாம், இருவரின் கோரிக்கையும் ஒன்றல்ல. ஒருவர் தனியார் பள்ளியில் நிழலாசிரியரை அனுமதிக்கச் சொல்கிறார். மற்றவர், சான்றிதழுக்காக மருத்துவமனைக்கு மூன்றாம் முறை அலைய வைக்காதீர்கள் என்கிறார். முதல் கோரிக்கை அறிக்கையில் ஏறுகிறது. இரண்டாவது கூட்டத்துக்கே வந்து சேர்வதில்லை.

மொழியின் கதை இதைவிடக் கசப்பானது. தில்லித் தமிழ்க் குடும்பங்களில் ஒரு குழந்தைக்குப் பேச்சு தாமதமானால் அடிக்கடி கிடைக்கும் அறிவுரை, வீட்டில் ஒரே மொழியைப் பேசுங்கள், அதுவும் பள்ளியின் மொழியைப் பேசுங்கள் என்பது. நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான். தமிழ் மட்டுமே அறிந்த பாட்டி அன்றுமுதல் பேரனிடம் தடுமாறும் இந்தியில் பேசத் தொடங்குகிறார். பிறகு பேசுவதையே குறைத்துக்கொள்கிறார். இரு மொழிகளைக் கேட்டு வளர்வது மதியிறுக்கக் குழந்தையின் மொழிவளர்ச்சியைப் பின்னடையச் செய்வதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. தாலாட்டுக்குத் தலையாட்டும் குழந்தை இந்திக் கட்டளைக்குத் திரும்புவதில்லை என்பதைப் பாட்டி ஆய்வு ஏதும் படிக்காமலே கண்டிருப்பார். அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு படிவமும் இல்லை. தாய்மொழிக் கல்வியின் மேன்மையைப் போற்றும் நாட்டில், பேசத் திணறும் குழந்தையிடமிருந்துதான் தாய்மொழி முதலில் பறிக்கப்படுகிறது.

அரசு கருத்துக் கேட்கும்போது எப்படிக் கேட்கிறது? சட்டமுன்வரைவுகளை மக்கள் கருத்துக்காகக் குறைந்தது 30 நாள்கள் முன்வைக்க வேண்டும் என்பது 2014இல் மத்திய அரசே வகுத்துக்கொண்ட நெறி. 2020 ஜூலை 1ஆம் நாள், பெருந்தொற்றின் நடுவில், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் சிலவற்றைத் தளர்த்தும் யோசனையை மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை வெளியிட்டது. கருத்துக் கூறக் கடைசி நாள் ஜூலை 10. பத்தே நாள்கள். சிகிச்சை மையங்கள் மூடிக் கிடந்தன. வீட்டுக்குள் அடைபட்ட குழந்தைகளோடு பெற்றோர் இரவுபகலாகப் போராடிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளின் கடும் எதிர்ப்புக்குப் பின் யோசனை கைவிடப்பட்டது. கைவிட்டதற்காகப் பாராட்டியவர்கள் உண்டு. பத்து நாள்கள் போதும் என்று எண்ணிய மேசையில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று கேட்டவர்கள் குறைவு.

இனி, இக்கோரிக்கைக்கு எதிராக எழும் வாதங்களுள் வலுவானதை எதிர்கொள்ள வேண்டும். பெற்றோரின் குரல் குழந்தையின் குரல் அல்ல என்பதே அது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. 1994இல் மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் இருந்த அரசு இல்லத்தைச் சேர்ந்த அறிவுசார் குறைபாடு கொண்ட இளம்பெண்களுக்குப் புனேயில் கருப்பை நீக்க அறுவை நடந்தது. மாதவிடாய்த் தூய்மையைப் பேண இயலாது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. பாதுகாப்போர், மருத்துவர், அதிகாரி என அவர்களுக்காகப் பேசும் அதிகாரம் பெற்ற அனைவரும் இருந்தனர். அவர்களின் சொல் மட்டும் இல்லை. 1993இல் டொரண்டோ மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் பெற்றோரை நோக்கிப் பேசிய உரை இந்த இயக்கத்தின் திருப்புமுனை. மதியிறுக்கம் கொண்டவரான அவர், நீங்கள் எதிர்பார்த்த குழந்தைக்காக அழுங்கள், எங்களுக்காக அழாதீர்கள் என்ற பொருளில் பேசினார். மித்து ஆலூரின் மகள் மாலினி சிப் பின்னாளில் தம் வாழ்வைத் தாமே நூலாக எழுதினார். தாய் கட்டிய பள்ளியில் படித்த மகள், தாயின் கதைக்குள் அடங்காத தன் கதையைச் சொன்னார். நல்ல பெற்றோர் இயக்கம் ஒன்றின் வெற்றியை அளக்க இதைவிடச் சரியான அளவுகோல் கிடையாது.

ஆனால் இவ்வாதத்தை இன்று மிகுதியாகப் பயன்படுத்துவோர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். நரம்பியல் பன்மையர் தமக்கென நாற்காலி கேட்டு இதைச் சொன்னால் அது நீதி. பெற்றோரையும் நரம்பியல் பன்மையரையும் ஒருசேர வெளியே நிறுத்திவைத்திருக்கும் நிறுவனம் இதைச் சொன்னால் அது தந்திரம். ஒருவரின் நியாயத்தைக் காட்டி மற்றவரை அகற்றிவிட்டு, காலியான இரு இடங்களிலும் வல்லுநரை அமர்த்துவது பழைய வித்தை. இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கையின் 4(3)ஆம் பிரிவு, மாற்றுத்திறன் குழந்தைகள் உட்பட மாற்றுத்திறனாளிகளை அவர்களின் பிரதிநிதித்துவ அமைப்புகள் வழியாக நெருங்கிக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. அதற்கு 2018இல் உடன்படிக்கைக் குழு தந்த ஏழாம் பொதுக் கருத்துரை குடும்பத்தினரின் அமைப்புகளையும் கணக்கில் கொள்கிறது. குழந்தைகள், அறிவுசார் குறைபாடு உடையோர் ஆகியோருக்கு அவ்வமைப்புகள் துணையாகலாம்; ஆனால் குரலை வாங்கிக்கொள்வதற்காக அல்ல, குரல் எழ உதவுவதற்காக. இரு நாற்காலிகளும் வேண்டும், தனித்தனியே வேண்டும், அவர்கள் முரண்பட்டால் அந்த முரண் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். ‘பங்குதாரர்கள் ஒருமனதாக’ என்று தொடங்கும் அறிக்கைகள் அனைத்தையும் ஐயத்தோடு படிப்பது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

ஆய்வுலகத்தின் பங்கைப் பேசாமல் அரசை மட்டும் சாடுவது நேர்மையாகாது. தில்லியின் பல்கலைக்கழகங்கள் யமுனையின் அக்கரையில் இருக்கின்றன. அவற்றில் கற்பிப்போர் பலர் இக்கரையில், மயூர் விஹாரில் வாழ்கின்றனர். ஆற்றைக் கடக்கும்போது அவர்களின் பக்கத்து வீட்டுத் தாய் ‘தகவலாளி’ ஆகிவிடுகிறார். ஒப்புதல் படிவத்தில் ஆங்கிலத்தில் கையொப்பம், ஒன்றரை மணி நேர நேர்காணல், ஒலிப்பதிவு, எழுத்துப்பெயர்ப்பு, குறியீடு. ஆய்வேட்டில் அவர் ஓர் எழுத்தாகவும் எண்ணாகவும் வாழ்கிறார். அவர் சொன்ன காரண காரிய விளக்கம் நான்காம் அத்தியாயத்தில் ‘கருப்பொருள்’ ஆகிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் மேலைக் கோட்பாட்டாளர் ஒருவரின் பெயரில் அதே விளக்கம் ‘பகுப்பாய்வு’ ஆகிறது. நேர்காணலின்போது குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்வி நெறிமுறைக் குழுவின் படிவத்தில் இல்லை. ஆய்வு முடிந்தபின் கண்டறிந்ததை அவரது மொழியில் அவருக்குச் சொன்னீர்களா என்ற கேள்வியும் இல்லை. இவ்விரு கேள்விகளையும் சேர்க்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி தேவையில்லை. துறைக் கூட்டமொன்றின் தீர்மானம் போதும்.

எண்ணிக்கை இல்லாமல் கொள்கை இல்லை என்று சொல்லும் துறையினரிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைக் கண்டது. அதன் பட்டியலில் மதியிறுக்கத்துக்குத் தனி இடமில்லை. ஐந்து வட்டாரங்களில் நடத்தி 2018இல் வெளியான ஆய்வொன்று, 6 முதல் 9 வயதுள்ள குழந்தைகளில் ஏதேனும் ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு உடையோர் இடத்துக்கு இடம் 6.5 முதல் 18.5 விழுக்காடு வரை இருப்பதாக மதிப்பிட்டது. இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்? கேட்கும் முறை ஒரு காரணமாக இருக்கக்கூடும். “வீட்டில் மாற்றுத்திறனாளி உண்டா?” என்று வாசலில் நின்று கேட்டால், மகளின் திருமணத்தை எண்ணித் தந்தை இல்லை என்பார். “பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா?” என்று கேட்டால் தாய் உட்காரச் சொல்லி ஒரு மணி நேரம் பேசுவார். அடுத்த கணக்கெடுப்பின் வினாக்களை வகுப்பவர்கள், எந்தக் கேள்விக்கு வீடு கதவைத் திறக்கும் என்பதை அறிய விரும்பினால் கேட்க வேண்டிய ஆட்கள் வெகுதொலைவில் இல்லை.

தில்லியில் பள்ளியாண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தொடங்குகிறது. பள்ளி மேலாண்மைக் குழு தொடர்பான 21ஆம் பிரிவைச் செயற்படுத்தப் புதிய சட்டமோ புதிய நிதியோ வேண்டியதில்லை. கிழக்கு தில்லியின் ஓர் அரசுப் பள்ளியில் மாற்றுத்திறன் குழந்தைகள் எத்தனை பேர், குழுவில் அவர்களின் பெற்றோர் எத்தனை பேர் என்று தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கப் பத்து ரூபாய் கட்டணம். மயூர் விஹார், திரிலோக்புரி, கல்யாண்புரி, கிச்சடிபூர் ஆகிய வட்டாரங்களின் அரசுப் பள்ளிகள் அனைத்துக்கும் அந்த விண்ணப்பத்தை அனுப்ப ஒரு முதுகலை வகுப்பின் ஒரு பிற்பகல் போதுமானது. 13ஆம் பிரிவில் “பெற்றோர் ஒருவர்” என்ற இரு சொற்களைச் சேர்க்கும் திருத்தத்தை வரைய அதைவிடக் குறைந்த நேரமே ஆகும். விண்ணப்பத்துக்கு முப்பது நாளில் பதில் வர வேண்டும். பதிலை இந்தியிலும் தமிழிலும் பெயர்த்து முதலில் திரிலோக்புரியில் படித்துக் காட்ட வேண்டும். கருத்தரங்கம் அதற்குப் பிறகு நடக்கலாம், ஞாயிற்றுக்கிழமையில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து.